சிவப்புப் படமும் பச்சைச் சொல்லும்

தெரெக்-சாய்
பிப்ரவரி 11, 2013

தம்பி மெலிஸுக்கு,

உன் இணையப் பக்கம் பொய் சொன்னது. அந்தப் பொய்யை நம்பி ஷார்ஷென் லாரியை எடுத்துக்கொண்டு கோக்-பெல் கணவாய் ஏறினார். கணவாய் மூடிக் கிடந்தது. விடியும்வரை பனிக்குள் சிக்கிக் கிடந்ததில் இடது கால் விரல்கள் போய்விட்டன. ஏற்றிப் போன ஆடுகளில் பாதி நின்றபடியே விறைத்துச் செத்தன. இப்போது நீ, பொய் சொன்னது பக்கம் அல்ல, அதைப் படித்த ஆள்தான் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

நலம் விசாரிக்க இப்போது மனம் வரவில்லை.

"அறிவிப்பாளர் தவறாகப் படித்தார்" என்று எழுதியிருக்கிறாய். பெயர்கூடப் போடவில்லை. அவருக்குப் பெயர் உண்டு. சாதிர். நம் வீட்டுக்கு மூன்றாம் வீடு. சுரங்கத்தில் வெடி வெடித்துக் கண் போனபோது நீதான் அவருக்குக் கை கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தாய். அன்று முதல் காலையில் வயர்லெஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்து கணவாய் நிலையைச் சொல்வது அவர் வேலை. கணினியில் எழுத்து மட்டும் வரும் உலாவியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். படம் கிடையாது, நிறம் கிடையாது. பக்கத்தில் உள்ள எழுத்தை இயந்திரக் குரல் படிக்கும். நம் மொழியை ரஷ்யக்காரன் படிப்பது மாதிரிப் படிக்கும். சாதிர் அதைக் கேட்டுவிட்டுத் தன் குரலில் மலை முழுக்கச் சொல்வார். சொல்லி முடித்ததும் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லி "கேட்டேன்" என்பார்கள். நம் பக்கத்தில் தடுப்புக் கட்டை இல்லை, கைபேசிக் கோபுரம் இல்லை. அந்தக் குரலும் அந்தக் "கேட்டேன்"களும்தான் தடுப்புக் கட்டை.

நான் நடத்தி வந்த பக்கத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் பிஷ்கெக்கில் புதிதாகச் செய்தாய். நல்லது. இந்த வருஷம் பனி தாமதம். கணவாய் முதல் தடவை மூடியது இந்த மாதம்தான். மூடியதும் என்ன ஆயிற்று? உன் பக்கத்தில் சிவப்புப் படம் வந்ததாம். அதற்குள் "மூடியிருக்கிறது" என்று பெரிதாக எழுதியிருக்கிறதாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். சாதிரின் உலாவியில், என் உலாவியில், வந்தது இது:

மலைச்சாலைச் செய்திப் பிரிவு
[சின்னம்]
கோக்-பெல் கணவாய்
[கணவாய் திறந்திருக்கிறது. பயணம் நலமாகுக.]

இதை எழுதும் நேரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. வெளியே என் வேலியின் மேல்கம்பி தெரியவில்லை.

உன் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். உன் உதவியாளன் ஐபேக் எடுத்தான்.

"பெரியம்மா, செவப்பாத்தானே இருக்கு. கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

"நீ படத்தை அணைச்சுட்டுப் பாரு தம்பி."

"படத்தை அணைச்சா என்ன தெரியும்?" என்று சிரித்தான்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். படத்தை அணைத்தால் என்ன தெரிகிறது?

மார்ச் முதல் தேதி ஆள் வந்து வயர்லெஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று சாதிருக்கு உன் பிரிவிலிருந்து தாள் வந்திருக்கிறது. அவர் மனைவி சகின்பு அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நான்தான் காட்டினேன். கேட்டுவிட்டு, "மெலிஸ் கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "அவன் கையெழுத்து அழகா இருக்கும்" என்றார்.

பதில் எழுது.

உன் அக்கா
உரும்கான்


பிஷ்கெக்
பிப்ரவரி 13, 2013

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

பதில் இணைப்பில் உள்ளது.

மெலிஸ்
[படம்]
[படம்]


தெரெக்-சாய்
பிப்ரவரி 13, 2013

தம்பி மெலிஸுக்கு,

நீ அனுப்பியது கடிதம் இல்லை, கடிதத்தின் படம். தாளில் அடித்து, முத்திரை குத்தி, அதை ஒளிநகல் எடுத்து அனுப்பியிருக்கிறாய். இங்கே இறங்குவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. இறங்கிய பிறகும் என் உலாவி "படம்" என்றது. உன் பெயருக்குக் கீழே இன்னொரு படம் தொங்குகிறது. அது உன் பிரிவின் சின்னமாக இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணினிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். என்ன நடந்தது என்பதை நீ புரிந்துகொள்ளவே இல்லை என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

சொல்லால் எழுது. என்னிடம் பேசுவது மாதிரி எழுது. முத்திரை வேண்டாம்.

உரும்கான்


பிஷ்கெக்
பிப்ரவரி 16, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அனுப்பிய மாத்திரை தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், நரீன் போகும் வண்டியில் கொடுத்து விடுகிறேன். நீங்கள் விசாரிக்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: நாங்கள் நலம்.

சொல்லால் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

அன்று காலை என் மேசையில் அந்தப் பக்கத்தை நானே பார்த்தேன். சிவப்பு. இந்த நாட்டில் அன்று அதைத் திறந்த எல்லோருக்கும் சிவப்பு. ஒரே ஓர் ஆள் பச்சை என்று சொன்னார். அவர் கண் தெரியாதவர். விசாரணையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். வேறு என்ன முடிவுக்கு வர முடியும், சொல்லுங்கள். அன்று எனக்கு உண்மை என்று தெரிந்ததில்தான் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன சொற்கள் அங்கே இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று உங்களுக்குத் தெரியுமா அக்கா? நான் எழுதினேன். அக்டோபரில் இங்கே வந்திருந்தபோது, என் வீட்டு மேசையில் போர்சோக் பணியாரத்தைப் பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "படத்துக்குப் பின்னால சொல்லு வை மெலிஸ். சொல்லு இல்லாத படம் வெறும் சுவரு." நீங்கள் தூங்கப் போனதும், படம் வராத உலாவி படத்துக்குப் பதிலாகப் படிக்கும் அந்த வரியை என் கையால் சேர்த்தேன். அன்று கணவாய் திறந்திருந்தது, அதனால் திறந்திருக்கிறது என்று எழுதினேன். படத்தைத் தினமும் மாற்றுவது ஐபேக். படத்துக்குப் பின்னால் அப்படி ஓர் இடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நானும் மறந்துவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டுச் செய்த ஒரே ஒரு வரி அது. நீங்கள் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பாராட்டுவீர்கள் என்றுகூட நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை நீங்கள் பதினைந்து வருஷம் உங்கள் சமையலறை மாதிரி வைத்திருந்தீர்கள். யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு மலைப் படம் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "மலைய ஜன்னல்ல பாரு" என்றீர்கள். இன்று ஓட்டுநர்களின் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கிறார்கள். சரக்கு அனுப்புகிறவர்கள் பார்க்கிறார்கள். மொழி தெரியாத சீன ஓட்டுநர்கள் சிவப்பைப் பார்த்து நிற்கிறார்கள். அது உங்கள் எழுத்தால் முடியாது. எழுத்து மட்டும் வரும் உலாவியை இன்று யார் வைத்திருக்கிறார்கள்? நீங்கள், சாதிர், இன்னும் யாராவது ஒருவர். கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தால் பக்கம் உங்கள் கையை விட்டுப் போயிருக்காது.

அந்த வரியை இன்று எடுத்துவிட்டேன். இனி அது பொய் சொல்லாது.

உங்கள் தம்பி
மெலிஸ்


தெரெக்-சாய்
பிப்ரவரி 19, 2013

தம்பி மெலிஸுக்கு,

பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தாயா.

நான் சொன்னதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். அந்த இடம் வெறுமையாக இருந்திருந்தால் சாதிர் என்ன சொல்லியிருப்பார்? "இன்னைக்கு நெலவரம் தெரியல" என்று சொல்லியிருப்பார். தெரியவில்லை என்றால் ஓட்டுநர்கள் ஏற மாட்டார்கள். வண்டியை ஓரம் கட்டி, அடுப்பு மூட்டி, தேநீர் வைத்து, சீட்டாடுவார்கள். அவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். நீ ஒரு வரியை ஒருநாள் எழுதிவிட்டு, அது காலத்துக்கும் நிற்கும் என்று போய்விட்டாய். படம் சொல்வதைத்தான் அதன் பின்னால் உள்ள சொல்லும் சொல்ல வேண்டும். படம் மாறினால் அதே கையோடு சொல்லும் மாற வேண்டும். அக்காவைச் சமாதானப்படுத்த எழுதின வரிக்கு அது எப்படித் தெரியும்.

யார் அந்த உலாவியை வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாய். சாதிர் ஒருவர். சரி, ஒருவர்தான். அந்த ஒருவர் வாயிலிருந்து கணவாயின் இந்தப் பக்கம் முழுவதும் கேட்கிறது. நீ தலையை எண்ணுகிறாய், நான் காதை எண்ணுகிறேன்.

சீன ஓட்டுநர்கள் சிவப்பைப் பார்க்கிறார்கள் என்றாய். அது நியாயம். அதை நான் யோசித்ததில்லை. பார்க்கட்டும். அதற்காகச் சாதிருக்குப் பச்சை சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டாய், இனி பொய் சொல்லாது என்று எழுதியிருக்கிறாய். எடுத்த பிறகு என்ன வருகிறது என்று கேட்டாயா? சொல் இல்லாத இடத்தில் உலாவி படக்கோப்பின் பெயரைப் படிக்கிறது. நேற்றுக் காலை நான் சாதிர் வீட்டில்தான் இருந்தேன். இயந்திரக் குரல் சொன்னது: "கணவாய், புதுசு, கடைசி, ரெண்டு, திருத்தியது." இதுதான் உன் ஐபேக் தன் கோப்புக்கு வைத்திருக்கும் பெயர்.

சாதிர் பொத்தானை அமுக்கி, "கோக்-பெல் நெலவரம் தெரியல. பக்கத்துல சொல்லு இல்ல. யாரும் ஏறாதீங்க" என்றார்.

யாரும் "கேட்டேன்" சொல்லவில்லை. ஷார்ஷென் விஷயத்துக்குப் பிறகு யாருமே சொல்வதில்லை. வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவன் மட்டும் பேசினான். குரல் புதிது, யார் என்று தெரியவில்லை.

"தெரியலயா? அன்னைக்கு மட்டும் நல்லாத் தெரிஞ்சுதா பெரியப்பா?"

இன்னொருவன் சிரித்தான். "விடுடா. அவருக்குப் பனி காலைத் தொட்டாத்தான் தெரியும்."

"ஷார்ஷென் காலைத் தொட்டுச்சு, பத்தாதா?"

நான் பெட்டியைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சாதிர் என் கையைத் தள்ளிவிட்டார். "பேசட்டும் அக்கா. பேசுறவன் கேட்டுக்கிட்டாவது இருக்கான். பேசாதவன்தான் போயிட்டான்."

அங்கிருந்து நேரே ஷார்ஷென் வீட்டுக்குப் போனேன். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறார். இணையப் பக்கத்தில் இருந்த பொய்யை எடுத்துச் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா.

"பக்கம் கிக்கமெல்லாம் எனக்குத் தெரியாது அக்கா. நான் சாதிர் குரலைக் கேட்டேன். அன்னைக்கு மேல மேகம் கருப்பாத்தான் இருந்துச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா மேகத்தை நம்பியிருப்பேன். அவரு சொன்னாரேன்னு வண்டிய எடுத்தேன்."

அவர் தொடர்ந்து, "அவருகிட்டச் சொல்லுங்க, எனக்குக் கோவம் இல்லைன்னு" என்றார். தலையணையைச் சரிசெய்துகொண்டே, "இல்ல, சொல்லாதீங்க. கோவம் இருக்கு. யாரு மேலன்னுதான் தெரியல" என்றார்.

யார் மேல் என்று ஷார்ஷெனுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை. நான் சாதிரின் பக்கத்து ஆள், உனக்கு அக்கா, பக்கத்தைப் பறிகொடுத்த கிழவி. என் வாய்க்கு விலை இல்லை. உன் வாய்க்கு உண்டு.

உரும்கான்

பி.கு. மாத்திரை தீரவில்லை. அனுப்பாதே.


பிஷ்கெக்
பிப்ரவரி 23, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று எல்லோரும் போன பிறகு ஐபேக்கை நிறுத்தி வைத்து, எழுத்து உலாவியை என் கணினியில் போடச் சொன்னேன். படிக்கும் குரலையும் போடச் சொன்னேன். திரையை அணைத்துவிட்டு நம் பக்கத்தைத் திறந்தோம்.

முதலில் சின்னம் என்றது. பிறகு முகப்பு, எங்களைப் பற்றி, தலைவர் செய்தி, புகைப்படத் தொகுப்பு, கருத்துக் கணிப்பு என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனது. கணவாய் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐபேக், "சார், இன்னும் கீழ போகணும்" என்றான். கீழே போனதும் அந்தக் கோப்புப் பெயர் வந்தது. ஐபேக் சிரிக்கவில்லை. "இத அவரு தினமும் கேக்குறாரா?" என்றான். "தினமும்" என்றேன்.

நீங்கள் வைத்திருந்த பக்கம் எனக்கு நினைவு வந்தது. முதல் வரியே கணவாய். திறந்ததா, மூடியதா. அடுத்த வரி, எப்போது எழுதியது என்று. அவ்வளவுதான். அப்போது அது எனக்கு ஏழை வீட்டு மேசை மாதிரித் தெரிந்தது.

நீங்கள் சொன்னது சரி, அக்கா. இதை நான் எழுத்தில் தருகிறேன்.

பக்கத்தைச் சரி செய்கிறேன். ஷார்ஷெனுக்குக் குளிர்காலம் முடியும்வரை வைக்கோல் அனுப்புகிறேன், என் பெயர் தெரிய வேண்டாம். சாதிருக்கு லாரிகளை எடைபோடும் மேடையில் ஓர் இருக்கை வாங்கித் தர முடியும். உட்கார்ந்து செய்யும் வேலை, சூடான அறை. ஆனால் அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். அதில் மூன்று கையெழுத்து இருக்கிறது. மற்ற இரண்டு பேரும் என்னைவிட மேலே இருப்பவர்கள். அதைத் தொட்டால் முதலில் போவது நான். ஓய்வு பெற எனக்கு அடுத்த வருஷம் வரைதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஓசைப்படாமல் சரிப்படுத்திவிடலாம். மலையில் யாருக்கும் இது ரொம்ப நாள் நினைவிருக்காது.

நீங்கள் என் அக்கா. தம்பியைத் தெருவில் நிறுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள்
மெலிஸ்

(கீழே இருந்த சின்னத்தை எடுத்துவிட்டேன். கவனித்திருப்பீர்கள்.)


தெரெக்-சாய்
பிப்ரவரி 24, 2013

தம்பி மெலிஸுக்கு,

சின்னம் இல்லாததைக் கவனித்தேன்.

ஓசைப்படாமல் சரிப்படுத்தலாம் என்கிறாய். தவறு ஓசையோடு நடந்தது. மலை முழுக்க, எல்லா வண்டிக்குள்ளும், சாதிரின் குரலில் நடந்தது. அதை வைக்கோலுக்குக் கீழே மறைக்க முடியாது. சாதிருக்குச் சூடான அறை வேண்டாம். அவர் அறை சூடாகத்தான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அவர் பேச்சை ஆட்கள் நம்புவது. அது அவரிடம் இருந்தது. நீ எடுத்துக்கொண்டு போனாய்.

தெருவில் நிறுத்தாதீர்கள் என்கிறாய். சாதிர் இப்போது எங்கே நிற்கிறார் என்று நினைக்கிறாய்?

ஆகவே செய்ய வேண்டியவை. எதுவும் பேரம் இல்லை.

பக்கத்தின் முதல் வரி கணவாய். திறந்ததா மூடியதா என்று சொல்லால். சின்னமும் தலைவர் செய்தியும் அதற்குக் கீழே எங்கேயாவது கிடக்கட்டும். இதைச் செய்வது நீ. நாளைக்குள்.

படம் இருக்கட்டும். சிவப்போ பச்சையோ, எனக்கு அது தெரியாது. படத்தை மாற்றுகிறவனே சொல்லையும் மாற்ற வேண்டும், பிறகு படத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை கேட்க வேண்டும், அதன் பிறகுதான் தன் தேநீரை எடுக்க வேண்டும். செய்வது ஐபேக். அந்தப் பையன் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், அதனால் அவனை நம்புகிறேன்.

எழுதிய நாளும் நேரமும் இரண்டாவது வரியில். நேற்றைய சொல்லாக இருந்தால் நேற்றையது என்று தெரிய வேண்டும். ஐபேக்.

அறிக்கையைத் திருத்தி எழுதுவது நீ. மற்ற இரண்டு பேர் கையெழுத்துப் போடாவிட்டால் உன் ஒரு கையெழுத்தோடு அனுப்பு. "அறிவிப்பாளர்" என்று எழுதாதே. சாதிர் என்று எழுது. இணையப் பக்கம் சொன்னதைத்தான் அவர் சொன்னார் என்று எழுது. பக்கத்துக்கு அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தது யார் என்றும் எழுது. தாளின் படமாக அனுப்பாதே.

பெட்டியை எடுக்க வரும் ஆளைத் தடுத்து நிறுத்துவது நீ. உன்னால் முடியாவிட்டால் நான் சாதிரின் வாசலில் உட்கார்ந்திருப்பேன். என் மூட்டு எப்படி என்று கேட்டாயே, உட்கார்வதற்கு நன்றாகவே இருக்கிறது.

வைக்கோல் அனுப்பு. உன் பெயரைச் சொல்லி அனுப்பு.

புதன்கிழமை நீ இங்கே வர வேண்டும். கிளம்பும் முன் கணவாய் நிலையைப் பார். படங்களை அணைத்துவிட்டு, உன் பக்கத்தில், சொல்லை மட்டும் பார். அது திறந்திருக்கிறது என்றால் அதை நம்பி வண்டியில் ஏறு. ஷார்ஷென் அப்படித்தான் ஏறினார்.

வியாழக்கிழமை காலை சாதிரின் பக்கத்தில் உட்கார்வது நீ. நிலையைச் சொல்வது சாதிர். அவர் சொல்லி முடித்ததும் பொத்தானை உனக்காக அமுக்கிப் பிடிப்பார். நீ உன் பெயரைச் சொல்ல வேண்டும். "அன்னைக்கு சாதிர் படிச்சது சரி. தப்பா எழுதினது நான்" என்று சொல்ல வேண்டும். அலுவலகப் பேச்சு வேண்டாம். இவ்வளவு போதும்.

அதற்குப் பிறகு ஓட்டுநர்கள் பேசுவார்கள். நல்லதாக இருக்காது. உன் அம்மாவை இழுப்பார்கள். எனக்கும் அவள்தான் அம்மா, தாங்கிக்கொள்வேன். பதில் சொல்லாமல் கேட்பது நீ.

ஷார்ஷென் வீட்டு வயர்லெஸ் பெட்டியை அவர் கட்டில் பக்கத்தில் கொண்டு வைப்பது நான். அவர் "கேட்டேன்" என்று சொல்வாரா, மாட்டாரா என்பது அவர் பாடு. அவரை நீயும் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்.

பெட்டியை அணைப்பது சாதிர். அவர் அணைக்கும்வரை நீ எழுந்திருக்கக் கூடாது.

உன் அக்கா
உரும்கான்